நட்சத்திரமும் படிவமும்

ஆஸ்பத்திரியில் “டிஸ்சார்ஜ்” என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் மனம் நிம்மதியடைவது மனித சுபாவம். ஆனால் பக்கவாதத்தால் ஒரு கையும் காலும் செயலற்றுப்போன தாயாரையோ, இடுப்பெலும்பு முறிந்து சஸ்திர சிகிச்சை செய்துகொண்ட தகப்பனாரையோ இந்த அமெரிக்க தேசத்தில் உடன் வைத்திருக்கும் பிள்ளைக்கு, அந்தச் சொல்லோடு கூடவே ஒரு காகிதமும் வந்து சேர்கிறது. நோயாளி இனி ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய அவசியமில்லை. அதே சமயம் வீட்டுக்குத் திரும்பும் நிலையிலும் இல்லை. ஆகவே இதில் கண்ட நர்ஸிங் ஹோம்களில் ஒன்றைத் தேர்ந்து நாளைக்குள் தெரிவியுங்கள் என்று ஆஸ்பத்திரியின் சமூக சேவகி மிகுந்த மரியாதையுடன் நீட்டும் ஜாபிதா அது. ஒரு ஜோடிச் செருப்பு வாங்க ஒரு வாரம் யோசிக்கிறவர்கள்கூடப் பெற்ற தாயை அந்நியர் கையில் ஒப்படைக்கும் விஷயத்தை ஒரே இரவில் நிர்ணயித்தாக வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் டாக்டர் தம்பதிகள் நடத்தும் சிறிய ஆஸ்பத்திரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்லும் நர்ஸிங் ஹோம், எழுந்து நடக்கவும் குளிக்கவும் உண்ணவும் பிறர் துணையை நாடவேண்டிய முதியவர்கள் சில வாரங்களோ, பல சமயங்களில் ஆயுளின் எஞ்சிய காலம் முழுவதுமோ தங்கியிருக்கும் இடம். இத்தேசத்தில் இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000. அவற்றில் வாசம் செய்கிறவர்கள் சுமார் 12 லட்சம் பேர்.

நியூஜெர்ஸியில் என் வீட்டுக்கு அருகில் வசிக்கும் இளைஞர் ஒருவர் அத்தகைய ஜாபிதா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் இரவு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“அண்ணா, இதிலே ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறது. இன்னொன்றுக்கு நான்கு. ஐந்தையே எடுத்துவிடட்டுமா? அம்மா விஷயம், குறைச்சலாகப் போகவேண்டாம் என்று பார்க்கிறேன்.”

“அந்த நட்சத்திரத்தைப் போட்டது யார் என்று பார்த்தீர்களா, தம்பி?”

“சர்க்கார்தானே அண்ணா?”

“பாதி சர்க்கார். பாதி அந்த இல்லமே.”

இந்தப் பதிலைக் கொஞ்சம் விஸ்தாரமாக எழுதவேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்தே எனக்கு உண்டு. நல்ல நட்சத்திரம் பார்த்துக் காரியத்தைத் தொடங்கும் வழக்கம் நம்முடைய ரத்தத்தில் ஊறியது. அதனாலேயே இந்த நட்சத்திரங்களின் பூர்வோத்தரத்தை நாம் கூடுதல் சிரத்தையுடன் விசாரிக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் மெடிகேர், மெடிக்கெய்ட் என்ற இரண்டு திட்டங்களுக்கும் கையெழுத்திட்டபோது, முதியோர் பராமரிப்புக்குச் சர்க்கார் பணம் வெள்ளமாகப் பாய ஆரம்பித்தது. பணம் போன வேகத்தில் மேற்பார்வை போகவில்லை. கட்டிப்போடப்பட்ட கிழவர்களையும், படுக்கைப் புண் எலும்புவரை இறங்கிய கிழவிகளையும் பற்றிய செய்திகள் எழுபதுகளில் பத்திரிகைகளில் வந்தவண்ணமிருந்தன. 1986-இல் தேசிய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த மருத்துவ நிலையம் ஒரு விரிவான ஆராய்ச்சி அறிக்கையை வெளியிட்டது; அதன் பலனாக 1987-இல் நர்ஸிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் பிறந்தது. கட்டடம் எப்படி இருக்கிறது, காகிதங்கள் கிரமமாக இருக்கின்றனவா என்று பார்த்துவந்த பழைய பரிசோதனை முறையை மாற்றி, உள்ளே இருக்கும் மனிதர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கச் சொன்னது அந்தச் சட்டம். மெடிகேர், மெடிக்கெய்ட் பணம் பெறும் ஒவ்வோர் இல்லத்துக்கும் முன்னறிவிப்பின்றிப் பரிசோதகர்கள் போகவேண்டும். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 15 மாதங்களுக்குமேல் செல்லக்கூடாது. மாநிலம் முழுவதற்குமான சராசரி 12 மாதங்களுக்குள் இருக்கவேண்டும். நியூஜெர்ஸியில் இந்த வேலையை மாநிலச் சுகாதார இலாகா செய்கிறது. பரிசோதகர்கள் ஒரு குழுவாக வந்து, சில நாட்கள் அங்கேயே இருந்து, சாப்பாட்டு வேளையையும் மருந்து கொடுக்கும் வேளையையும் கண்ணால் பார்த்து, முதியவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் கேட்டு, ஏடுகளைப் புரட்டி, தாங்கள் கண்ட குறைகளை எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் எழுதும் தஸ்தாவேஜுக்கு சி.எம்.எஸ். 2567 என்று பெயர். கவர்ச்சியற்ற பெயர்தான். ஆயினும் இந்தத் துறையில் படிக்கத் தகுந்த காகிதம் ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நட்சத்திரங்கள் வந்தது வெகு காலத்துக்குப் பின்னர், 2008 டிசம்பரில். ஜனங்களுக்கு எளிதில் விளங்கவேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் மூன்று விஷயங்களை ஒன்றாகச் சேர்த்துக் குழைத்தார்கள். முதலாவது, மேலே சொன்ன பரிசோதனை. இரண்டாவது, ஒரு முதியவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் நர்ஸுகளும் உதவியாளர்களும் கிடைக்கிறார்கள் என்ற பணியாளர் கணக்கு. மூன்றாவது, எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, எத்தனை பேர் விழுந்து அடிபட்டார்கள், எத்தனை பேருக்கு மனநோய் மருந்து தரப்படுகிறது என்பன போன்ற தர அளவைகள். பரிசோதனையில் பெற்ற நட்சத்திரமே அஸ்திவாரம். பணியாளர் கணக்கில் ஐந்து பெற்றால் அதோடு ஒன்று கூடும், ஒன்றே பெற்றால் ஒன்று குறையும். தர அளவைகளிலும் அப்படியே.

என் நண்பரின் ஜாபிதாவில் ஐந்து நட்சத்திரத்துடன் ஜொலித்த இல்லத்தை இந்தக் கணக்கின்படி பிரித்துப் பார்த்தோம். பரிசோதனையில் அது பெற்றது மூன்று. மற்ற இரண்டு துறைகளிலும் ஐந்து ஐந்து பெற்று, ஒவ்வொன்றாகப் படியேறி, உச்சியில் போய் உட்கார்ந்திருந்தது. நான்கு நட்சத்திர இல்லமோ பரிசோதனையிலேயே நான்கு பெற்றது. மற்ற இரண்டிலும் மூன்று மூன்று வாங்கியதால் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்து கண்ணால் பார்த்து எழுதிய பிரமாணத்தில் எது மேலானது என்று கேட்டால், சந்தேகமில்லாமல் இரண்டாவதுதான்.

தர அளவைகளை நான் ஏன் இவ்வளவு அவநம்பிக்கையுடன் பார்க்கிறேன் என்று கேட்கலாம். அவற்றுக்கு ஆதாரமான விவரங்களில் பெரும்பகுதியை எழுதி அனுப்புவது அந்தந்த இல்லமே. தன் வீட்டில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தானே சொல்லி, அந்த எண்ணிக்கை குறைந்தால் தனக்கே வெகுமதி கிடைக்கும் ஏற்பாட்டில், எவ்வளவு யோக்கியமான நிர்வாகிக்கும் ஞாபகமறதி சற்று வரத்தான் செய்யும். பலமான காயத்தோடு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன முதியவர்களின் மெடிகேர் கணக்கை, இல்லங்கள் எழுதியனுப்பிய விவரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த சிகாகோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அவ்வாறு விழுந்த சம்பவங்களில் 57 சதவீத அளவே இல்லங்களின் ஏட்டில் ஏறியிருந்ததைக் கண்டார்கள். மனநோய் மருந்தின் கதை இதைவிட விநோதமானது. ஆள் பற்றாத இடங்களில், மறதி நோய் கண்ட முதியவர்களை அடக்கி வைப்பதற்கு அந்த மருந்தைக் கொடுத்துவிடும் துர்ப்பழக்கம் உண்டென்பதால் அதைத் தர அளவையில் சேர்த்தார்கள். ஆனால் ஸ்கிசோஃப்ரீனியா போன்ற சில வியாதிகள் உள்ளவர்களுக்கு அது நியாயமான மருந்து என்பதால் அவர்களைக் கணக்கிலிருந்து விலக்கினார்கள். இளமையிலேயே பெரும்பாலும் தோன்றிவிடும் அந்த வியாதி, எழுபதும் எண்பதும் கடந்த கிழவர்களுக்குத் திடீரென்று வந்துவிட்டதாக ஏடுகளில் ஏறத் தொடங்கியதை 2021-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அம்பலப்படுத்தியது. 2023 ஜனவரியில் சர்க்கார் இதற்கென்றே தணிக்கை ஆரம்பித்தது.

பரிசோதனை நட்சத்திரத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது பூரணமான ஒரு தராதரத்தை ஒட்டித் தரப்படுவதன்று. அந்தந்த மாநிலத்துக்குள்ளேயே இல்லங்களை வரிசைப்படுத்தி, மேலிருந்து 10 சதவீதத்துக்கு ஐந்து, கீழிருந்து 20 சதவீதத்துக்கு ஒன்று, நடுவே உள்ளவற்றுக்குச் சமபங்காக நான்கும் மூன்றும் இரண்டும் என்று பகிர்ந்து தருகிறார்கள். ஒரு மாநிலத்தில் அத்தனை இல்லங்களும் மோசமாக இருந்தாலும் பத்தில் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தே தீரும். டெக்ஸாஸில் இருக்கும் தங்கை சொல்லும் நான்கும் நியூஜெர்ஸியில் நான் பார்க்கும் நான்கும் ஒன்றல்ல.

2020 பிப்ரவரியில் கொரோனா முதன்முதலில் இந்நாட்டு முதியோரைச் சூறையாடியது வாஷிங்டன் மாநிலத்தின் கிர்க்லண்ட் நகரத்து இல்லம் ஒன்றில். முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்நாளில் அது ஐந்து நட்சத்திர இல்லம். முந்திய ஆண்டுப் பரிசோதனையில், தொற்றுத் தடுப்பில் குறை உண்டென்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த ஒரு வரியைக் கொண்டே பின்னால் வந்த விபத்தை அனுமானித்திருக்கலாம் என்று வாதிப்பது நியாயமாகாது; 2013-லிருந்து 2017 வரையிலான ஐந்து ஆண்டுகளில் நாட்டின் 82 சதவீத இல்லங்களில் தொற்றுத் தடுப்புக் குறை எழுதப்பட்டிருந்தது. எல்லோர் ஏட்டிலும் இருக்கும் குறை எவரையும் அடையாளம் காட்டாது. ஆகவே அந்த 2567 படிவத்தையும் வாசிக்கத் தெரிந்து வாசிக்கவேண்டும்.

அந்தப் படிவத்தின் பக்கம் நீளவாட்டில் இரண்டாகப் பிரிந்திருக்கும். இடப்பக்கம் பரிசோதகரின் வாக்கு. வலப்பக்கம் இல்லத்தின் பதில். இடப்பக்கத்தில் ஒவ்வொரு குறைக்கும் எஃப் என்ற எழுத்தில் தொடங்கும் ஓர் எண் உண்டு: படுக்கைப் புண்ணுக்கு எஃப் 686, விபத்துக்கும் கண்காணிப்பின்மைக்கும் எஃப் 689, அடித்தல், திட்டுதல், அலட்சியம் முதலிய கொடுமைகளுக்கு எஃப் 600, ஆள் பற்றாக்குறைக்கு எஃப் 725. அதற்கடுத்து ஏ முதல் எல் வரையிலான பன்னிரண்டு எழுத்துகளில் ஒன்று இருக்கும். அதில்தான் விஷயமே அடங்கியிருக்கிறது. கடுமைக்கு நான்கு படி. ஒவ்வொரு படியிலும் ஒருவரிருவருக்கு நேர்ந்ததா, பலருக்கு நேர்ந்ததா, இல்லம் முழுவதும் பரவியதா என்று மூன்று பிரிவு. ஏ, பி, சி என்பவை அற்பமானவை. டி, இ, எஃப் என்பவை தீங்கு நேரவில்லை, நேர்ந்திருக்கக்கூடும் என்பதைக் குறிப்பவை. நாட்டில் எழுதப்படும் குறைகளில் பெரும்பாலானவை இந்த வகுப்பே. ஜி என்ற எழுத்திலிருந்து மெய்யாகவே ஒரு மனிதருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டது என்று பொருள். ஜே, கே, எல் என்ற கடைசி மூன்றும் உயிருக்கு உடனடி அபாயம். சர்க்காரின் இணையப் பக்கத்தில் இந்த எழுத்துகளுக்குப் பதிலாகத் தீங்கின் அளவும், பாதிக்கப்பட்டோர் சிலரா பலரா என்பதும் வார்த்தைகளில் இருக்கும். முழு அறிக்கையையும் அங்கேயே திறந்து படிக்கலாம்.

எண்ணிக்கையைப் பார்த்துப் பிரமிக்கவேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். சமையலறையில் தேதி எழுதாத டப்பா, மூடாத குப்பைத்தொட்டி, கையெழுத்து விடுபட்ட ஏடு என்று பன்னிரண்டு டி-க்கள் வாங்கிய இல்லத்தில் என் தாயாரை நான் நிம்மதியாக விட்டுவைப்பேன். ஒரே ஒரு ஜி வாங்கிய இல்லத்தைப் பற்றி, அந்த ஜி எதற்காக என்று முழுவதும் படித்தறியும்வரை வாய் திறக்கமாட்டேன். நண்பரின் ஐந்து நட்சத்திர இல்லத்தில் அத்தகைய ஜி ஒன்று இருந்தது. இருவர் சேர்ந்து தூக்கவேண்டும் என்று ஏட்டில் எழுதப்பட்டிருந்த ஒரு மூதாட்டியை ஓர் உதவியாளர் தனியாகத் தூக்க முயன்று, கீழே விட்டு, கால் எலும்பு முறிந்திருக்கிறது. படிவங்களில் முதியவர்களுக்குப் பெயர் இல்லை, எண்தான் உண்டு. ஆயினும் எந்த மணிக்கு மணியடித்தார், எந்த மணிக்கு யார் வந்தார், வந்தவர் பரிசோதகரிடம் என்ன சொன்னார் என்று வரி வரியாகச் செல்லும் அந்த வறண்ட நடையில் ஒரு மனிதரின் துன்பம் எத்தனையோ கதைகளைவிடத் தெளிவாகப் புலப்படுகிறது. எதற்காக ஒருவரே தூக்கினார் என்ற கேள்விக்கும் அதிலேயே பதில் இருந்தது: கூப்பிட வேறு ஆள் இல்லை.

வலப்பக்கம் சம்பிரதாயமானது. குறையை ஒப்புக்கொள்வதாக இதற்கு அர்த்தமில்லை என்ற முகவுரையோடு தொடங்கி, சம்பந்தப்பட்ட பணியாளருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது என்று முடியும். மறுபயிற்சி தருவதாகச் சொல்லாத பதிலை நான் பார்த்ததே இல்லை. ஆகவே அடுத்த ஆண்டுப் படிவத்தை எடுத்து, அதே எண் மறுபடியும் ஆஜராகியிருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த மறுபயிற்சி எத்தகையது என்பது விளங்கிவிடும். ஒரு முறை எழுதப்பட்ட பெரிய குறையைவிட, ஆண்டுதோறும் திரும்பி வரும் நடுத்தரக் குறையே நிர்வாகத்தின் சுபாவத்தைச் சொல்கிறது என்பது என் அனுபவம்.

பரிசோதகரும் சர்வக்ஞர் அல்லர். மாநிலப் பரிசோதகர்கள் பார்த்துவிட்டுப் போன இல்லங்களை மத்தியப் பரிசோதகர்கள் மறுபடி பார்த்ததில், 2002 முதல் 2007 வரை, அவ்வாறு ஒப்பிட்ட பரிசோதனைகளில் சுமார் 15 சதவீதத்தில் மெய்யான தீங்கோ உடனடி அபாயமோ மாநிலத்தாரால் எழுதப்படாமல் விடப்பட்டிருந்ததை அமெரிக்கக் காங்கிரஸின் கணக்காய்வு அலுவலகம் 2008-இல் எடுத்துக்காட்டியது. படிவத்தில் இருப்பது பெரும்பாலும் மெய். இல்லாததெல்லாம் பொய் என்று கொள்ளலாகாது.

அதனால்தான் பணியாளர் கணக்கைத் துணைக்கு அழைக்கவேண்டியிருக்கிறது. ஒரு காலத்தில் அதையும் இல்லமே சொல்லிவந்தது. 2016-லிருந்து சம்பளப் பட்டுவாடா ஏட்டிலிருந்து நேரடியாக எடுத்தனுப்பவேண்டும் என்று சட்டம் வந்தபின், சனி ஞாயிறுகளில் ஆட்கள் எவ்வளவு குறைகிறார்கள் என்பது முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. இப்பொழுது வாரக்கடைசிக் கணக்கும், ஓராண்டில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்ற கணக்கும் தனித்தனியே பிரசுரமாகின்றன. மொத்த நட்சத்திரத்தை மறைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் காட்டினாலும் எனக்குப் போதும். பாதிப் பேர் ஆண்டுக்குள் ஓடிவிடும் இடத்தில், அம்மாவுக்கு எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்தால் வலிக்கும் என்பதை அறிந்த ஒருவர் எப்படி நிலைத்திருப்பார்? நாளொன்றுக்கு ஒருவருக்கு 3.48 மணி நேரம் என்று 2024-இல் மத்திய சர்க்கார் விதித்த குறைந்தபட்ச அளவை டெக்ஸாஸிலுள்ள மத்திய நீதிமன்றம் ஒன்று 2025 ஏப்ரலில் ரத்து செய்துவிட்டது. நல்லவேளையாக நியூஜெர்ஸிக்குச் சொந்தச் சட்டம் உண்டு: பகலில் எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும், மாலையில் பத்துப் பேருக்கும் இரவில் பதினான்கு பேருக்கும் ஒருவர் வீதம் இருக்கவேண்டும். அன்றன்று எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கவேண்டும் என்பதும் சட்டம். அந்தக் காகிதத்தில் நேற்றைய தேதி இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் அங்கே ஜனிக்கும்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மாநிலத்தின் ஆண்டோவரில், 2020 ஏப்ரலில், நான்கு பிணங்களுக்கான சவ அறையில் பதினேழு சடலங்கள் இருந்ததைப் போலீசார் கண்டார்களே, அந்த இல்லம் பின்னர் வேறொரு பெயரைச் சூடிக்கொண்டு நடந்தது. 2022-இல் சர்க்கார் பணம் நிறுத்தப்பட்டபின்தான் மூடப்பட்டது. பெயர்ப்பலகை புதிதாக இருந்தால் பழைய பெயர் என்ன, உடைமை எப்பொழுது கைமாறியது என்று கேளுங்கள். ஒவ்வோர் இல்லத்துக்கும் மெடிகேர் தந்திருக்கும் ஆறு இலக்க எண், பெயர் மாறினாலும் பெரும்பாலும் மாறுவதில்லை.

இவ்வளவும் பார்த்தபின் நேரில் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு வேளையில் போங்கள்; செவ்வாய்க்கிழமை காலையில் பூங்கொத்துடன் வரவேற்கும் அதிகாரி அப்பொழுது இருக்கமாட்டார். அழைப்பு விளக்கு எரிந்து எத்தனை நேரம் கழித்து ஒருவர் வருகிறார் என்று பாருங்கள். தட்டைக் கைக்கெட்டாத தூரத்தில் வைத்துவிட்டுப் போகிறார்களா, அருகில் உட்கார்ந்து ஊட்டுகிறார்களா என்று பாருங்கள். மரக்கறி உணவைப் பற்றிக் கேட்கத் தயங்கவேண்டாம்; அங்கே தங்கியிருப்பவர்களின் மதத்தையும் பண்பாட்டையும் இயன்றவரை அனுசரித்தே உணவுப் பட்டியல் அமையவேண்டும் என்பது விதி. எனினும் ஆங்கிலம் தெரியாத பாட்டிக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்கு மசியலையே வைத்துவிட்டு விதி நிறைவேறியது என்று சொல்லும் இடங்களும் உண்டு என்பதால், வாரப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிடுவது உத்தமம்.

பண விஷயத்தை விரிவாக எழுத இங்கே இடமில்லை. மூன்று நாட்களாவது ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்த பின்னர் மெடிகேர் அதிகபட்சம் 100 நாட்கள் வரை கைகொடுக்கும், அதிலும் முதல் 20 நாட்களுக்கே முழுச்செலவு. கிரீன் கார்டில் வந்து ஐந்து ஆண்டு பூர்த்தியாகாத பெற்றோருக்கு அதுவும் கிடையாது. சொந்தப் பணத்தில் ஓராண்டு தங்கினால் ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். சேர்க்கும்போது நீட்டும் காகிதக் கட்டில், வழக்குத் தொடராமல் மத்தியஸ்தத்துக்குக் கட்டுப்படுவேன் என்ற ஒப்பந்தம் இருந்தால் அதில் கையெழுத்திட மறுக்கலாம். மறுத்ததற்காகச் சேர்க்கமாட்டேன் என்று சொல்ல இல்லத்துக்கு உரிமையில்லை.

என் நண்பர் நான்கு நட்சத்திர இல்லத்தையே தேர்ந்தெடுத்தார். அங்கும் மணியடித்தால் சில வேளை தாமதமாகத்தான் வருகிறார்கள் என்றும், ஆனால் வருகிறவர்கள் பெரும்பாலும் அதே ஆட்களாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உறவினரைச் சேர்த்த இடத்தில் தவறு எதையேனும் கண்டால், நமக்கேன் வம்பு, அம்மாவை அல்லவா அவர்கள் கையில் விட்டிருக்கிறோம் என்று அஞ்சி மௌனமாக இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் நர்ஸிங் ஹோம் வாசிகளுக்காகவே ஆம்புட்ஸ்மன் என்ற அதிகாரி இருக்கிறார். புகார் செய்தவரைப் பழிவாங்குவது சட்டவிரோதம். சுகாதார இலாகாவுக்கு எழுதும் புகாரின்மேல் பரிசோதகர் வந்து குறை கண்டால், அதுவும் அதே 2567 படிவத்தில் ஏறி, அந்த இல்லத்தின் பரிசோதனை நட்சத்திரத்தில் கணக்காகிறது. புகாருக்கான தொலைபேசி எண்ணை இல்லத்தின் சுவரிலேயே எழுதி வைத்திருக்கவேண்டும் என்பதும், கடைசிப் பரிசோதனையின் முழு அறிக்கை யாரையும் கேட்காமலே எடுத்துப் படிக்கும்படி அங்கு வைக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதும் சட்டம்.